குலுங்கும் ஐடிலிங், தேறாத புகைப் பரிசோதனை

சிக்னலில் நிற்கும் பழைய மாருதி 800 ஸ்டீயரிங் அதிரக் குலுங்குவதும், அதே வண்டி புகைப் பரிசோதனையில் தேறாமல் திரும்புவதும் பெரும்பாலும் ஒரே கோளாறின் விளைவுகள். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த இந்தக் காரின் 796 சிசி என்ஜினில் மூன்றே சிலிண்டர்கள். அவற்றில் ஒன்று சரியாக எரியாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்று சொல்லும் அந்த நிலையில் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. ஓட்டுபவர் கையில் குலுக்கலாக உணர்வதைப் பரிசோதனைக் கருவி எண்ணாகக் காட்டுகிறது.

கோளாறு ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது, முதலில் தெரிவதற்குக் காரணம் உண்டு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார்பரேட்டரின் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. பெட்ரோல் ஊசிமுனை அளவுள்ள தனித் துளை வழியாக வருகிறது. காற்றும் மிகக் குறைவாகவே போகிறது. ஒரு ரப்பர் ஹோஸில் சிறு வெடிப்பு இருந்தால், நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் அதன் வழியே நுழையும் காற்று ஒரு பொருட்டே இல்லை. ஐடிலிங்கில் அதே கசிவு மொத்தக் காற்றில் பெரும் பங்காகிவிடும். ஆகவே ‘ஓட்டும்போது நன்றாகத்தான் இருக்கிறது’ என்பதை வைத்து என்ஜின் நலமாக இருப்பதாக முடிவு செய்ய முடியாது.

புகைப் பரிசோதனையும் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115ஆம் விதிப்படி, பாரத் ஸ்டேஜ் 2 மாசுத் தரத்துக்கு முந்தைய பெட்ரோல் கார்களின் புகையை ஐடிலிங்கில் அளக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்கும், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம்முக்கும் மேல் போகக் கூடாது. பாரத் ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு இந்த வரம்பு 0.5 சதவீதமும் 750 பிபிஎம்மும். நல்ல நிலையிலுள்ள கார்பரேட்டர் வண்டிக்கு 3 சதவீதம் தாராளமான வரம்பு. அதைத் தாண்டுகிறது என்றால், சரிசெய்ய வேண்டிய ஏதோ ஒன்று உள்ளே நிச்சயம் இருக்கிறது.

தேறாத வண்டியின் அச்சிட்ட தாளைக் கசக்கி எறிந்துவிடுவார்கள். உண்மையில் மெக்கானிக்குக்குக் கிடைக்கும் சிறந்த தடயம் அதுதான். கார்பன் மோனாக்சைடு மட்டும் அதிகம் என்றால் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் போகிறது. ஹைட்ரோகார்பன் மட்டும் அதிகம் என்றால் மிஸ்ஸிங். தீப்பொறி சரியில்லை, அல்லது காற்று கூடிப்போய்க் கலவை பற்றவே மறுக்கிறது, அல்லது வால்வு ஒழுங்காக மூடவில்லை. இரண்டும் சேர்ந்து அதிகம் என்றால் பெட்ரோல் மிஞ்சிப் போய்ப் ப்ளக்குகளும் கரி பிடித்திருக்கலாம். ஆக்சிஜனையும் காட்டும் கருவியாக இருந்தால் இன்னும் வசதி. கார்பன் மோனாக்சைடு குறைந்து ஆக்சிஜன் கூடியிருந்தால் காற்றுக் கசிவைத் தேடலாம். ஆனால் ஓட்டைச் சைலன்சரும் வெளிக்காற்றை இழுத்து ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டும்; அதை முதலில் அடைத்துவிட வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் என்ஜின் முழுச் சூட்டுக்கு வந்து சோக் முற்றிலும் திறந்திருக்க வேண்டும். வண்டி திறந்த வெளியில் நிற்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய ஷெட்டுக்குள் ஓடும் என்ஜின் ஆளைக் கொல்லும்.

முதலில் தீப்பொறி. ஒவ்வொரு ப்ளக் கேப்பையும் காப்பிட்ட குறட்டால் ஒரு கணம் கழற்றிப் பார்த்தால், எந்தச் சிலிண்டரைத் துண்டிக்கும்போது குலுக்கல் மாறவில்லையோ அதுவே வேலை செய்யாத சிலிண்டர். கழற்றிய ப்ளக்கின் நிறமும் பேசும்: உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதியையும், எண்ணெய்ப் பசை பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்மானத்தையும், சுண்ணாம்பு வெளுப்பு காற்று மிகுதியையும், வெளிர் பழுப்பு நல்ல எரிதலையும் காட்டும். ப்ளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார் ஆகியவற்றைக் கீறலுக்கும் கரிக்கோட்டுக்கும் பார்த்துவிட்டு டைமிங்கை அளக்கலாம். பாயிண்ட் உள்ள வண்டியில் பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்த பிறகே டைமிங். வரிசையை மாற்றினால் இரண்டும் கெடும்.

அடுத்து காற்றுக் கசிவு. பழைய வண்டிகளில் அதிகம் அகப்படும் குற்றவாளியும் இதுதான், மெக்கானிக்குகள் அதிகம் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். கார்பரேட்டர் அடி கேஸ்கெட், இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதன் ஹோஸ், கிராங்க்கேஸ் ஆவியைத் திருப்பும் குழாய், டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் டயஃப்ரம் என்று தேட வேண்டிய இடங்கள் பல. ஹோஸ்களை ஒவ்வொன்றாக இறுக்கி மூடிப் பார்க்கலாம். ஒன்றை மூடியதும் என்ஜின் சட்டென்று அடங்கினால் கசிவு அந்தப் பக்கம். வாக்குவம் டயஃப்ரத்தின் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தால் பிடிப்பு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. கேஸ்கெட் ஓரங்களில் கார்பரேட்டர் கிளீனரைத் தெளித்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. கசிவு உள்ள இடத்தில் ஐடிலிங் மாறும். ஆனால் அந்தத் திரவம் எளிதில் தீப்பிடிக்கும். சூடான என்ஜினில், ப்ளக் வயர் பொறி விடும் வண்டியில், இதைச் செய்யாமல் இருப்பதே நல்லது.

தீப்பொறியும் காற்றும் சரியென்றால் என்ஜினின் உள்ளே பார்க்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வின் டாப்பெட் இடைவெளி நாளடைவில் குறைந்துகொண்டே போவதுண்டு. வால்வு முழுதாக மூடாமல் விளிம்பு கருகும். அதுவும் ஐடிலிங்கில்தான் பளிச்சென்று தெரியும். கம்ப்ரஷன் கேஜில் மூன்று சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கலாம். எண் ஏறினால் தேய்ந்தது ரிங், ஏறாவிட்டால் வால்வு. இந்தப் பழுதை வைத்துக்கொண்டு கார்பரேட்டரில் எவ்வளவு செலவழித்தாலும் வீண்.

இவ்வளவுக்கும் பிறகே கார்பரேட்டர். முதலில் ஏர் ஃபில்டர். அது அடைத்திருந்தால் கலவை கெட்டிப்படும். ஃப்ளோட் நீடில் தேய்ந்து பெட்ரோல் மட்டம் உயர்ந்தாலும், சோக் பாதியில் சிக்கினாலும் கார்பன் மோனாக்சைடு ஏறும். ஐடில் ஜெட் அடைத்தால் நேர்மாறாக, காலை எடுத்த நொடியில் வண்டி அணைந்துவிடும். ஜெட்டைச் சுத்தம் செய்யக் கம்பியைச் செருகவே கூடாது. துளை ஒரு மயிரளவு பெரிதானாலும் அளவு போய்விடும். கிளீனரும் அழுத்தக் காற்றும் போதும். ஐடில் சோலனாய்டு உள்ள கார்பரேட்டரில், சாவியைத் திருப்பியதும் அது ‘டிக்’ என்று சத்தமிடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

2023 முதல் படிப்படியாகப் பரவிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை இங்கே கணக்கில் எடுத்தாக வேண்டும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய அளவுக்குத் துளையிட்ட கார்பரேட்டரில் கலவை சற்று மெலிகிறது. எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பரையும் டயஃப்ரத்தையும் அது கெடுக்கும். டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடைக் கிளப்பி ஜெட்டுக்குக் கொண்டுவரும். எரிபொருள் ஹோஸ்களையும் ஃபில்டரையும் மாற்றாத பழைய வண்டிக்குத் தீ விபத்தின் ஆபத்தும் இருக்கிறது.

கடைசியில்தான் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூ. அதை மென்மையாக முழுதும் மூடி, கையேட்டில் உள்ள சுற்றுக்குத் திறந்து, என்ஜின் வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தைக் கண்டுபிடித்து, வேக ஸ்க்ரூவால் ஐடிலிங்கைக் குறித்த அளவுக்கு இறக்க வேண்டும். ஓரிரு முறை இப்படி மாற்றி மாற்றிச் செய்து, வேகம் லேசாகத் தளரும் வரை மட்டும் கலவையை மெலிவாக்கி நிறுத்த வேண்டும்.

நடைமுறையில் பல இடங்களில் நடப்பது இதற்குத் தலைகீழ். வண்டி தேறவில்லை என்றதும் எடுத்த எடுப்பில் மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருகுகிறார்கள். கார்பன் மோனாக்சைடு இறங்குகிறது. என்ஜின் மிஸ்ஸிங் அடித்து ஹைட்ரோகார்பன் ஏறுகிறது. குலுக்கலை மறைக்க வேக ஸ்க்ரூவை ஏற்றுகிறார்கள். த்ராட்டில் தகடு விலகி, வேகமெடுக்கும்போது மட்டும் பெட்ரோல் விட வேண்டிய துளைகள் ஐடிலிங்கிலேயே திறந்து, கார்பன் மோனாக்சைடு மறுபடி ஏறுகிறது. இந்தச் சுழலில் சான்றிதழ் எப்படியோ கிடைத்துவிடலாம். வண்டியோ முன்னைவிடக் கெட்டுப்போய்த் திரும்புகிறது.

புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டிக்கு மிஸ்ஸிங் இன்னும் கொடியது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் உள்ளிருக்கும் பீங்கான் கூடே உருகிவிடும். மிஸ்ஸிங்கைத் தீர்க்காமல் புதிய கன்வெர்ட்டர் போடுவது பணத்தை எரிப்பதே. கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரால் பெட்ரோல் செலுத்தும் எம்பிஎஃப்ஐ வண்டிகளில் ஸ்க்ரூ வேலை இல்லை. அழுக்கேறிய த்ராட்டில் பாடி, ஐடில் வால்வு, களைத்துப்போன ஆக்சிஜன் சென்சார், காற்றுக் கசிவு என்ற வரிசையில் தேடினால் போதும். சூடேறாத கன்வெர்ட்டர் வேலை செய்யாது என்பதால், இருபது நிமிடமாவது ஓட்டிச் சென்று நேரே பரிசோதனைக்கு நிறுத்த வேண்டும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ‘டெஸ்டில் பாஸாக்கிக் கொடுங்கள்’ என்று சொல்லி வண்டியை விட வேண்டாம். தேறாத தாளைக் கையில் கொடுத்து, ‘இந்த எண் ஏன் ஏறியது என்று பாருங்கள்’ என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி அளந்து அந்தத் தாளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.