எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள்



கல்லூரிச் சேர்க்கை நேரத்தில், "மகளுக்கு ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய வேண்டும், என்ன பிராசஸர் போடலாம்?" என்று கேட்டு எழுதுகிறீர்கள். அண்ணா சாலையில் இறங்கி ரிச்சி தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே கேட்பது நல்லது. அங்கே போய் நின்றுவிட்டால் கடைக்காரர் எடுத்து வைப்பதுதான் நம் பட்டியலாகிவிடும்.

பிராசஸரைப் பற்றி அப்புறம் பேசலாம். மகள் அந்த டெஸ்க்டாப்பில் என்ன வேலை செய்யப் போகிறாள்? புரோகிராமிங்கும் பாடமும் மட்டும் என்றால் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். பிராசஸருக்குள்ளேயே உள்ள கிராஃபிக்ஸ் போதும். ஆனால் எல்லா பிராசஸரிலும் அது இருக்காது. இன்டெல்லில் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் இல்லை. ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜியில் உண்டு, வெறும் 5600இல் கிடையாது. விலை குறைகிறதே என்று அதை வாங்கி, கார்டும் போடாமல் விட்டால் மானிட்டரில் ஒன்றும் தெரியாது. வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வடிவமைப்பு, கேம் என்று இருந்தால் கார்டுக்குத் தாராளமாக ஒதுக்குங்கள்.

மதர்போர்டும் ரேமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். 2022இல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். பழைய டிடிஆர்4 அதில் உட்காரவே உட்காராது. 16 ஜிபி வேண்டுமென்றால் 8 ஜிபியாக இரண்டு போடுங்கள். உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் இந்த ரேமைத்தான் பயன்படுத்துகிறது என்பதால், ஒரே ரேமாகப் போடுவதைவிட வேகம் கூடுவது நன்றாகவே தெரியும்.

இனி, நான் மனதாரக் கேட்டுக்கொள்ளும் விஷயம். மற்ற எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மட்டும் கேபினெட்டோடு வந்ததே போதும் என்று விட்டுவிடுகிறோம். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதை இது. அந்த எஸ்எம்பிஎஸ் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். கொட்டை எழுத்தில் 500 வாட்ஸ் என்று இருக்கும். அதை விட்டுவிட்டு 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் 12ஆல் பெருக்குங்கள்: 192 வாட்ஸ்தான். பிராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் உண்மையில் கிடைப்பது அவ்வளவே. மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போகாமல் மதர்போர்டையும், சில நேரம் மகளின் புராஜெக்ட் முழுவதும் இருக்கும் எஸ்எஸ்டியையும் சேர்த்துக் கொண்டு போய்விடும். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான சான்று. அது இருக்கட்டும், கூடவே நல்ல பெயருள்ள கம்பெனியாகவும், சில வருட வாரண்டி உள்ளதாகவும் பாருங்கள். பட்ஜெட் இடித்தால் பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள், இதில் இறங்க வேண்டாம்.

மின்சாரம் அடிக்கடி போய் வரும் ஊர் என்றால் யுபிஎஸ் அவசியம். வீட்டு பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கேபினெட் முன்பக்கம் கண்ணாடியாக மூடியிருப்பதைவிட வலையாக இருந்தால் நம் ஊர் வெயிலுக்குக் காற்று உள்ளே போகும்.

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்கள். காசு கொடுப்பதற்கு முன் உங்கள் பட்டியலை, என்ன வேலைக்கு, எவ்வளவு பட்ஜெட் என்ற விவரத்தோடு எங்களுக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்துப் பதில் எழுதுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்