அறங்காவலர் நாற்காலியில் யார்?

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த முதல் ஆண்டில், ஒரு தனியார் அறக்கட்டளையின் உதவித்தொகை நேர்காணலுக்குப் போயிருந்தேன். நீண்ட மேசை, அந்தப் பக்கம் ஐந்து பேர். என் ஆய்வைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். மற்றதெல்லாம் அப்பா என்ன வேலை, எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் வீடு என்பதுதான். கடைசியில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "பெரிய ஆளா வந்த பிறகு எங்களை மறந்துட மாட்டீங்களே தம்பி?" என்றார். பணம் வந்தது, உதவியாகவும் இருந்தது. ஆனால் அந்த ஐந்து பேரை அந்தப் பக்கம் உட்கார வைத்தது யார் என்ற கேள்வி இன்று வரை என்னை விடவில்லை.

அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மாணவர்களின் கல்விக்காக இயங்கும் அறக்கட்டளைகளைப் பற்றிப் படிக்கும்போது அதே கேள்வி மறுபடி எழுந்தது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்கள் 6.2 கோடி பேர். ஒரு காலத்தில் கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் மெக்சிகப் பெயர் கொண்ட குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகள் இருந்தன. 1945இல் மெண்டெஸ் குடும்பமும் வேறு நான்கு குடும்பங்களும் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் வழக்குப் போட்டன. 1947இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவினை செல்லாது என்றது. புகழ்பெற்ற பிரௌன் தீர்ப்புக்கு ஏழு ஆண்டுகள் முந்தைய கதை இது. 1957இல் ஃபெலிக்ஸ் டிஹெரினா என்ற ஹூஸ்டன் உணவக உரிமையாளர், பள்ளி சேருமுன் குழந்தைகளுக்கு 400 ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொடுக்கும் சிறு பள்ளிகளைத் தொடங்கினார். 1975இல் எர்னஸ்ட் ரோப்லஸ், வீட்டை அடமானம் வைத்துத் திரட்டிய 30,000 டாலரில் ஹிஸ்பானிக் கல்வி உதவித்தொகை நிதியத்தை ஆரம்பித்தார்.

இவையெல்லாம் சமூகம் தன் கையிலிருந்து போட்ட முதல். எங்கே வலிக்கிறது என்று தெரிந்தவர்களே முடிவும் எடுத்தார்கள். அமைப்பு வளர வளரப் பெரிய பணம் வரும், பெரிய பணத்தோடு சேர்ந்து நாற்காலிகளும் வரும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1968இல் டெக்சாஸின் சான் அந்தோனியோவில் மால்டெஃப் என்ற சட்ட உரிமை அமைப்பு உருவானது. ஃபோர்டு அறக்கட்டளை 22 லட்சம் டாலர் கொடுத்தது. இரண்டே ஆண்டுகளில், போராட்டச் சூடு மிகுந்த சான் அந்தோனியோவிலிருந்து தலைமையகம் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாறியது. அதன் பின்னால் ஃபோர்டின் அழுத்தம் இருந்தது. அதே மால்டெஃப்தான் பிறகு ஆவணமற்ற குழந்தைகளுக்கும் பொதுப்பள்ளிக் கல்வி உரிமை உண்டு என்ற 1982ஆம் ஆண்டின் பிளைலர் தீர்ப்புக்காக வாதாடியது. எனவே நன்கொடை வாங்கியதுமே எல்லாம் கெட்டுவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் அமைப்பு எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதில்கூடப் பணம் கொடுத்தவரின் சொல் எடுபட்டது என்பதை மறக்கவும் கூடாது.

அறங்காவலர் குழு எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். அமெரிக்கச் சட்டப்படி லாப நோக்கற்ற அமைப்பின் குழு உறுப்பினருக்கு மூன்று கடமைகள் உண்டு: அக்கறையோடு நடத்தல், அமைப்புக்கு விசுவாசமாக இருத்தல், அமைப்பின் நோக்கத்துக்குக் கட்டுப்படுதல். ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990ஆம் எண் படிவத்தில் உறுப்பினர்களின் பெயர் இருக்கும். அதை யாரும் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலான குழுக்களில் இருப்பவர்களே அடுத்து வருபவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 'நீங்கள் கொடுங்கள், இல்லையென்றால் திரட்டித் தாருங்கள்' என்பது பல குழுக்களில் எழுதாத விதி. அந்த விதியின் கீழ் திராட்சைத் தோட்டத் தொழிலாளியின் மகள் எப்படி உள்ளே வருவாள்?

இன்னொன்றும் உண்டு. குழு நோக்கத்தைக் கைவிட்டால், உதவித்தொகை பெறும் மாணவர் பொதுவாக வழக்குப் போட முடியாது. கேள்வி கேட்கும் அதிகாரம் மாநிலத் தலைமை வழக்கறிஞரிடம் இருக்கிறது. ஆனால் அந்த நிதியே இருக்கக் கூடாது என்று நினைக்கும் வெளியாள் வழக்குப் போட முடிகிறது.

இது கற்பனை இல்லை. 2025 ஜனவரியில் எட்வர்ட் பிளம் என்பவரின் அமைப்பு, மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் 'ஹாசெர்' உதவித்தொகை மீது வழக்குப் போட்டது. 1985 முதல் ஹிஸ்பானிக் மாணவர்களுக்கு வழங்கப்பட்டுவந்த தொகை அது. சில நாட்களிலேயே சமரசம். பெற்றோரில் ஒருவராவது ஹிஸ்பானிக் வம்சாவளியினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீக்கப்பட்டது. வழக்குக்கு ஆதாரம் என்ன தெரியுமா? 1866ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்கு வெள்ளையருக்கு இணையாக ஒப்பந்தம் செய்யும் உரிமை தந்த சட்டம்! அதே 2025 செப்டம்பரில், ஹிஸ்பானிக் மாணவர்கள் கணிசமாகப் படிக்கும் கல்லூரிகள் உள்ளிட்ட சிறுபான்மையினர் பயிலும் நிறுவனங்களுக்கான சுமார் 35 கோடி டாலர் மானியத்தை அமெரிக்கக் கல்வித்துறை நிறுத்தியது.

இந்த ஆயுதம் நமக்குப் புதிதல்ல. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை 1951இல் உச்ச நீதிமன்றம் 'சமத்துவம்' பேசித்தான் செல்லாதென்றது. வழக்குப் போட்ட செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அன்று தெருவில் இறங்கிய மக்களின் எதிர்ப்பு, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வரை போனது. சமரச மேசையில் அப்படி எதுவும் நடப்பதில்லை. அங்கே வழக்கறிஞர்களும் நிறுவன அதிகாரிகளும் மட்டுமே இருப்பார்கள்.

'வழக்கில் தோற்று மொத்த நிதியையும் இழப்பதைவிட நிபந்தனையை மாற்றிக்கொள்வது நல்லதல்லவா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சில நேரம் பின்வாங்குவதும் தந்திரமே. ஆனால் எங்கே நிற்பது, எங்கே பின்வாங்குவது என்ற முடிவை, அதன் விலையைக் கொடுக்கப்போகிறவர்கள் இல்லாத அறையில் எடுப்பது எந்த வகை விசுவாசம்?

ஸ்பானியப் பெயர் கொண்டவர்களைக் குழுவில் போட்டுவிட்டால் தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 'ஹிஸ்பானிக்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வெள்ளைத் தோல் கொண்ட பணக்காரக் குடும்பங்களும் இருக்கின்றன, கறுப்பினத்தவரும் இருக்கிறார்கள். ஒஹாகாவிலிருந்து வந்து கலிபோர்னிய வயல்களில் குனிந்து வேலை செய்யும் மிஷ்டெக், சபோடெக் பழங்குடிக் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களில் பலருக்கு ஸ்பானியமே இரண்டாம் மொழி. பெயரைப் பார்த்து நிரப்பும் நாற்காலி மேலே இருப்பவருக்கே போகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களின் அறங்காவலர் குழுவில் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த ஓர் இடமும் போராடிப் பெற வேண்டியதுதான். ஆனால் அந்த ஒருவர் குரல் எழுப்பும்போது மற்றவர்கள் கேட்கிறார்களா என்பது வேறு கணக்கு.

மாற்று வழி வானத்திலிருந்து குதிக்க வேண்டியதில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் 1975 முதல் வாக்குரிமையுடன் ஒரு மாணவர் உட்காருகிறார். உதவித்தொகை அறக்கட்டளைகளும் அதைச் செய்யலாம். இப்போது தொகை பெறுபவர்களுக்கும் முன்பு பெற்றவர்களுக்கும் வாக்குள்ள இடங்கள் வேண்டும். நன்கொடையாளர்களின் இடங்களுக்கு உச்சவரம்பு வேண்டும். தகுதி விதியை மாற்றும்போது ஏன் மாற்றினோம், யார் ஆதரித்தார்கள் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

கேட்காமல் கிடைக்காது. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஆயிரக்கணக்கான மெக்சிக-அமெரிக்க மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். துணை நின்ற ஆசிரியர் சால் காஸ்ட்ரோ மீது சதி வழக்குப் பாய்ந்தது, வேலையும் பறிபோனது. மாணவர்களும் பெற்றோரும் கல்வி வாரியத்தின் கூட்ட அறைக்குள்ளேயே போய் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். வாரியம் அவரை மீண்டும் பணியில் சேர்த்தது.

தோழர்களே, அடுத்த முறை ஓர் உதவித்தொகைப் படிவத்தை நிரப்பும்போது, அறங்காவலர்களின் பெயர்ப் பட்டியலையும் தேடிப் படியுங்கள். உங்களைப் போல ஒரு காலத்தில் படிவம் நிரப்பியவர் அதில் ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள். அன்று அந்த நேர்காணல் அறையில் நான் "மறக்க மாட்டேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். நீங்கள் இன்னும் கொஞ்சம் பேசிவிட்டு வாருங்கள்.