நாடாவிலிருந்து வன்தட்டுக்கு

லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி அவென்யூ வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றின் அலமாரிகளில், இருபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த வீடியோ நாடாக்கள் உறங்குகின்றன. காதுகுத்தும் கல்யாணமும், ஊரில் பாட்டி பேசிய பேச்சும் அவற்றில் உண்டு. இந்நகரின் மழைக்கால ஈரமோ நாடாவிற் பூஞ்சை படரச் செய்யும். பூஞ்சை பிடித்த நாடாவை ஓட்டினால் நாடாவும் கெடும், காமிராவும் கெடும். ஆகவே, அவற்றைக் கணினியில் ஏற்றுவதை இனியும் ஒத்திப்போடலாகாது. அதற்கேற்ற வன்தட்டு எது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலாவது, கொள்ளளவு. 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த மினி டிவி நாடாவிலிருந்து நொடிக்குச் சுமார் 3.6 மெகாபைட் தகவல் வருகிறது. ஒரு மணி நேரத்திற்கு 13 கிகாபைட். இருபது நாடாக்களுக்கு 260 கிகாபைட். பின்னர் வெட்டி ஒட்டித் தொகுக்கவும் இடம் வேண்டுமாதலால், 1 டெராபைட் தட்டு வாங்குதல் நலம்.

இரண்டாவது, வேகம். நாடா ஓடத் தொடங்கினால் எவருக்காகவும் காத்திராது. தட்டு பின்தங்கினால் இடையிடையே காட்சிகள் விடுபடும். அந்நாளில் இது பெருந்தொல்லையாயிருந்தது. இன்றைய சாதாரணத் தட்டுக்கு இவ்வேகம் ஒரு பொருட்டன்று. எனினும், பதிவு நடக்கையில் அதே தட்டில் வேறு வேலை செய்யாதிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, பலரும் கவனியாத ஒன்று. தட்டு ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்டிருப்பின், ஒரு கோப்பு 4 கிகாபைட்டுக்கு மேல் வளராது; ஏறத்தாழ இருபதாம் நிமிடத்தில் பதிவு தடைப்படக்கூடும். விண்டோஸ் கணினியாயின் என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிக்கொள்க. ஃபார்மாட் செய்து மாற்றுகையில் தட்டில் உள்ளவை யாவும் அழியுமாதலால், காலித் தட்டிலேயே இதனைச் செய்க.

எஸ்எஸ்டி விரைவுடையதே. ஆயினும், மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் அதிலுள்ள பதிவு அழியக்கூடும். சேமித்து வைப்பதற்குச் சுழலும் தட்டே மலிவும் ஏற்றதுமாகும்.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. வன்தட்டும் ஒருநாள் பழுதாகும் இயந்திரமே. சாந்தினி மார்க்கெட்டில் விலை விசாரிக்கையில், 2 டெராபைட் தட்டு ஒன்றைவிட 1 டெராபைட் தட்டுகள் இரண்டினை வாங்குக. ஒன்று இங்கே இருக்கட்டும். அதன் நகல் ஊரிலுள்ள அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும். இரண்டினையும் ஓட்டிப் பார்த்துச் சரியென்று கண்ட பிறகும் நாடாவை எறிந்துவிடாதீர்கள்.