பாட்டைப் பூட்டி வைக்காதீர்!

விடுதியின் ஓர் அறையில் மேசைக்கணினியில் தொடங்கும் பாட்டு, இன்னோர் அறையில் டேப்லெட்டில் வளர்ந்து, மூன்றாவது அறையில் முடிவு பெறும் காலம் இது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாடகை கொடுக்க வழியில்லாத மாணவர்களுக்கு இது பெரியதொரு வரம் என்பதில் ஐயமில்லை. தமிழ்ச் சங்க விழாவுக்கு மெட்டமைக்க ஒருவர், வாசிக்க ஒருவர், பாட ஒருவர் என்று பல கைகள் கூடுகின்றன. ஆனால் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குப் பாட்டைக் கொண்டு போகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. கோப்பு போய்ச் சேருகிறது; பாட்டு போய்ச் சேருவதில்லை.

ஏன் இப்படி? இசை மென்பொருளில் நாம் சேமித்து வைக்கும் கோப்பு முழுப் பாட்டு அன்று. பெரும்பாலும் அது பாட்டைச் சமைக்கும் பக்குவக் குறிப்பே. எந்தத் தடத்தில் எந்த வாத்தியம், எங்கே ஓசை ஏற வேண்டும், எந்தப் பிளக்-இன் எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது என்பவையெல்லாம் அதில் இருக்கும். அந்த மென்பொருளும் பிளக்-இன்களும் இல்லாத இடத்தில் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? விண்டோஸ் கணினியில் பழகிய வி.எஸ்.டி. பிளக்-இன்கள் ஐபேடில் ஓடமாட்டா.

இருக்கும் பாதைகளிலும் சில ஒருவழிப் பாதைகள். எஃப்.எல். ஸ்டூடியோ மொபைலில் அமைத்ததை மேசைக்கணினியின் எஃப்.எல். ஸ்டூடியோவில் திறக்கலாம், மேசைக்கணினியில் அமைத்ததை மொபைலில் திறக்க இயலாது. மேக் கணினியின் லாஜிக் புரோவிலிருந்து ஐபேடின் கராஜ்பேண்டுக்கு அனுப்பினால், அத்தனை தடங்களும் ஒன்றாகக் கலந்து ஒரே தடமாகப் போய்ச் சேரும். அதன்மேல் புதிய தடங்களைச் சேர்த்துத் திருப்பி அனுப்பலாம், அவ்வளவே.

"இரண்டு பக்கமும் ஒரே நிறுவனத்தின் பொருளை வாங்கினால் போயிற்று" என்று கூறுவாரும் உளர். 2023 மே மாதம் ஐபேடுக்கும் லாஜிக் புரோ வந்தது. மேக்குக்கும் ஐபேடுக்கும் இடையே பாட்டு போய் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் நம்மில் எத்தனை பேரிடம் இரண்டும் உண்டு? லாஜிக்கின் கதையே மற்றொரு பாடமும் சொல்கிறது. அதை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை ஆப்பிள் 2002-இல் வாங்கியது. உடனே விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்பட்டது. விண்டோஸில் பாட்டமைத்து வந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். வீட்டுக்காரர் வாசலைச் சாத்தினால் குடியிருப்பவன் தெருவில் நிற்க வேண்டியதுதானே!

பொதுமொழி ஒன்று இல்லாமலில்லை. 1983 ஜனவரியில், அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், போட்டி நிறுவனங்கள் இரண்டின் கருவிகள் மிடி என்னும் முறையால் இணைந்து ஒலித்தன. அதற்கு வழிகோலிய ஜப்பானியர் இகுதாரோ ககேஹாஷிக்கும், அமெரிக்கர் டேவ் ஸ்மித்துக்கும் 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. போட்டியாளர் கைகோத்ததால் உலகமே பயன் பெற்றது.

ஆயினும் மிடியை மட்டும் நம்பி நம் இசையை அனுப்பிவிட முடியாது. கீபோர்டில் கமகம் வாசிக்கும் நண்பர்கள் இதை அறிவார்கள். சுரத்தை வளைக்கும் கட்டளையில் எத்தனை அரைச்சுரம் வளைய வேண்டும் என்பது இராது. அதைப் பெறும் கருவியின் அமைப்பே தீர்மானிக்கும். வழக்கமாக அந்த எல்லை 2 அரைச்சுரம். நாம் 12 என்று அமைத்துக்கொண்டு சட்ஜத்திலிருந்து சுத்த மத்தியமத்துக்கு ஐந்து அரைச்சுரம் இழுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். எல்லை 2 ஆக உள்ள கருவியில் அந்த இழுப்பு ஓர் அரைச்சுரம்கூட ஏறாது. சுத்த ரிஷபத்தையும் எட்டாமல் நின்றுவிடும். ராகம் என்ன ஆகும் என்று நான் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே நம் சங்கம் ஒரு விதியை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. சங்க மேடையில் ஒலிக்கும் ஒவ்வொரு பாட்டும் மூன்று வடிவங்களில் சங்கத்திடம் ஒப்படைக்கப்படட்டும். முதலாவது, ஒவ்வொரு தடமும் தனித்தனி வேவ் கோப்பாக, எல்லாம் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே தொடங்குமாறு. அப்போதுதான் எந்த மென்பொருளில் இட்டாலும் தாளம் பிசகாமல் ஒன்றோடொன்று பொருந்தும். இரண்டாவது, மிடி கோப்பு. மூன்றாவது, வேகம், தாளம், சுருதி, சுரம் வளையும் எல்லை ஆகியவற்றை எழுதிய ஒரு பக்கம். ஐந்து நிமிடப் பாட்டுக்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் இருபது ஸ்டீரியோ தடங்கள் ஏறத்தாழ 1.7 ஜிகாபைட் ஆகும். சாதாரணப் பென் டிரைவிலேயே அடங்கிவிடும்.

"முடித்த பாட்டின் எம்.பி.3 இருந்தால் போதாதா?" என்று கேட்கலாம். கேட்பதற்குப் போதும், வளர்ப்பதற்குப் போதாது. அடுத்த ஆண்டு பாட வருபவரின் சுருதி வேறாக இருக்கும். பழைய குரலை நீக்கிப் புதுக்குரலை ஏற்றத் தனித்தனித் தடங்கள் வேண்டும்.

விற்பவர்களிடமும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. பிட்விக், பிரிசோனஸ் ஆகிய இரு நிறுவனங்கள் 2023-இல் டாப்ராஜெக்ட் என்னும் திறந்த கோப்பு வடிவத்தை வெளியிட்டன. எவரும் கட்டணமின்றி அதைக் கையாளலாம். இதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மற்ற நிறுவனங்களுக்கு மாணவர்கள் எழுதட்டும். வாங்குபவர் கேளாததை விற்பவர் தாமாகத் தரமாட்டார்.

நண்பர்களே, நாம் இங்கே இருப்பது சில ஆண்டுகளே. நம் கணினிகளும் டேப்லெட்டுகளும் நம்மோடு போய்விடும். நாம் கூடி அமைத்த பாட்டுகளாவது, பின்னால் வரும் தம்பி தங்கையரின் கைகளுக்குத் திறந்தபடியே போய்ச் சேரட்டும்!