கூவத்தில் மூச்சுவிட முடியாதது யாரால்?



கூவத்தைத் தூர்வாரி, கரையோரம் பூங்கா அமைத்தால் ஆறு பிழைத்துவிடும் என்றே பலரும் பேசுகிறார்கள். நீருக்குள் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

திருவள்ளூர் மாவட்டத்தில் புறப்படும் கூவம், சென்னை நகருக்குள் வந்ததும் சாக்கடையைச் சுமக்கிறது. அந்தக் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. மீனும் நீர்ப்பூச்சியும் மறைய, ஆக்சிஜனே வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. முகத்துவாரம் வழியே ஏறும் கடல்நீரில் சல்பேட் ஏராளம். அதை அவை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. நேப்பியர் பாலத்தில் மூக்கைப் பொத்தவைக்கும் அழுகிய முட்டை நாற்றம் அதுதான்.

சாக்கடையோடு மருந்துகளும் சேர்கின்றன. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஓடைக் கற்களில் படரும் பாசி, பாக்டீரியாப் படலத்தின் ஒளிச்சேர்க்கையை டைஃபென்ஹைட்ரமின் என்னும் ஒவ்வாமை மருந்து 99 சதவீதம் வரை குறைத்தது. இங்கு விற்கும் இருமல் மருந்துகள் சிலவற்றிலும் இதே பொருள் உண்டு.

நீரோடையின் உணவுச் சங்கிலி தொடங்குவதே அந்தப் படலத்தில்தான். அது செத்தால் மேலே எதுவும் மிஞ்சாது.

பெருவெள்ளம் சேற்றை அடித்துச் செல்லும். சாக்கடையோ மறுநாளே திரும்பிவிடும். ஆகவே பூங்காவுக்கு முன் ஆற்றில் விழும் கழிவுநீர்க் குழாய்களை அடைத்துவிடுங்கள். கூவத்தின் ஆக்சிஜன் அளவை, பாலம் பாலமாக, மாதந்தோறும் மக்களுக்கு வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், சென்னை