ஆளில்லாத தீவு என்று யார் சொன்னது?

புளியங்குளத்தில் இருந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். எமது வாசகர்களில் அநேகர் குளத்து நீரை நம்பி வயல் செய்தவர்கள். 1997 மே 13 இல் ஜெயசிக்குறு தொடங்கியபின் கண்டி வீதியின் இரு பக்கத்துக் குடும்பங்களும் மாடு கன்றைக் கூட அவிழ்த்துவிட நேரமில்லாமல் வெளிக்கிட்டதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயினும் இரணைதீவைப் பற்றி வயற்காரரும் அறிந்திருக்க வேண்டும் என்பது எமது எண்ணம். கடலில் நடந்திருந்தாலும் அது காணிக் கதைதான்.

மாங்குளம் சென்று, மல்லாவி, துணுக்காய், வெள்ளாங்குளம் வழியாக முழங்காவிலை அடைந்தால் அதன் கரைப்பக்கத்தில் இரணைமாதா நகர் இருக்கிறது. 1992 இல் தீவை விட்டு வந்த குடும்பங்கள் குடியேறிய இடம் அது. அதற்கப்பால் வள்ளப் பயணம்தான். எம்மை ஏற்றிச் சென்றது ஒரு மீனவக் குடும்பத்தின் வள்ளம். எண்ணெய்க் காசை எல்லோருமாகச் சேர்த்துக் கொடுத்தோம். பாக்குக் கடலில் இந்தியாவுடனான எல்லை 1974 இல் கீறப்பட்டது. மீனுக்கு அந்தக் கோடு தெரியாது, அக்கரை இழுவைப் படகுகளும் அதை மதிப்பதில்லை. இலங்கையில் 2017 இல் இழுவைமடித் தொழில் சட்டத்தால் தடை செய்யப்பட்ட பின்னரும் வலை அறுபடுகிற கதையைத்தான் வள்ளத்தில் கேட்டுக்கொண்டு போனோம்.

பெரியதீவு, சின்னத்தீவு என இரண்டு இருப்பதால் இரணைதீவு என்று பெயர். மீனும் நண்டும் சங்கும் கடலட்டையும் அவர்களுடைய விளைச்சல். ஆழமில்லாத கடலில் பெண்கள் நடந்தே போய்ப் பொறுக்கி வந்து தங்கள் கையில் தாங்களே காசு பார்த்தார்கள். தென்னையும் மாடும் இருந்தன. கரைக்கு வந்தபின் இந்தப் பெண்களின் உழைப்புத்தான் முதலில் போனது. நிவாரணப் பட்டியல் எதிலும் அந்த நட்டம் எழுதப்படவில்லை. கொத்தி வைத்த தோட்டத்தை விட்டுவந்து கூலிக்குக் களை பிடுங்கிய எமது தாய்மாருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

2009 இல் யுத்தம் முடிந்தது. தீவு கடற்படையின் கையில் இருந்தது. கடிதங்களுக்கும் கூட்டங்களுக்கும் பலன் கிடைக்காதபோது, 2017 மே 1 ஆம் திகதி இரணைமாதா நகரில் மக்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். ஒரு வருடத்துக்கு ஒரு வாரம் குறைய இருந்து பார்த்தார்கள். 2018 ஏப்ரல் 23 இல் சுமார் 40 வள்ளங்களில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு தாங்களாகவே புறப்பட்டார்கள். இறங்கி, மாதா கோவிலில் செபித்து, அங்கேயே தங்கினார்கள். உத்தரவு பின்னால்தான் வந்தது. இதே காலத்தில் கேப்பாப்பிலவிலும் முள்ளிக்குளத்திலும் மக்கள் வீதியோரம் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது துண்டு துண்டாகத்தான்.

ஆனால் தீவு திரும்பக் கிடைத்தது என்று எழுதி முடித்துவிட எமக்கு மனம் வரவில்லை. நாம் கண்டது கூரையில்லாச் சுவர்களும் தறப்பாள் கொட்டில்களும் பற்றைக்குள் மறைந்த வளவுகளும்தான். வளர்ந்த பிள்ளைகளின் படிப்பும் வைத்தியமும் கரையில் இருப்பதால் பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து வாழ்கின்றன: தகப்பன் தீவில், தாயும் பிள்ளைகளும் நகரில். ஒவ்வொரு போக்குவரவுக்கும் எண்ணெய் வேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானபோது, ஊருக்குப் போவதே செலவான காரியமாயிற்று. அலுவலகக் கோவையில் இவர்கள் "மீளக்குடியமர்ந்தோர்". பேறுகாலப் பெண்ணுக்கு இரவில் வள்ளம் தேடவேண்டிய இடத்தில் குடியமர்வு முடிந்துவிட்டது என்று கணக்கெழுதுவதை நாம் ஏற்றுக்கொள்ள முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொரோனாவில் இறந்த முஸ்லிம் சகோதரரின் உடல்களைக் கூட அரசாங்கம் கட்டாயமாக எரித்து வந்தது. 2021 மார்ச் தொடக்கத்தில் புதைக்க இடம் கொடுப்பதாகச் சொல்லி இரணைதீவைக் காட்டியது. தீவு மக்கள் வீதிக்கு வந்தார்கள். முஸ்லிம் மக்களும் இது தங்களை அவமதிப்பது என்றார்கள். சில நாட்களில் அடக்கம் ஓட்டமாவடிக்கு மாறியது. இரு சமூகத்தையும் மோதவிடக்கூடிய காரியம் மோதலாகாமல் போனதற்கு அந்த எளிய மக்களின் நிதானமே காரணம் என்று நாம் நினைக்கிறோம். கொழும்பில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தீவு ஆளில்லாத நிலமாகத் தெரிந்திருக்கிறது. மக்கள் அங்கிருந்து வெளியேறியது ஏன், திரும்பி எத்தனை நாள் ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

வயற்காரரே, இந்தப் பார்வை எமக்கும் புதிதல்ல. இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளில் வயலில் பற்றை வளர்ந்தது. பற்றை வளர்ந்ததால் அது காடு என்று வனத் திணைக்களம் கல் நட்டது. மணலாற்றுப் பக்கம் 1984 இல் விரட்டப்பட்டவர்களின் நிலங்களில் வேறு ஆட்கள் பயிர் செய்கிறார்கள். 2025 மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானி வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்றது. உறுதி எரிந்தவர்களும் இந்திய முகாமில் இருப்பவர்களும் மூன்று மாதத்தில் எங்கே போய் எதைத் தேடுவார்கள்? எதிர்ப்பு எழுந்தது, வழக்கு வைக்கப்பட்டது, சூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. அதோடு ஓய்ந்துவிட்டது என்று நாம் நம்பவில்லை.

தீவு மக்களிடம் பலமாக இருந்தவை இரண்டு. எல்லோரும் ஒரே இடத்தில் சேர்ந்து இருந்தார்கள். அத்துடன் யாருடைய வளவு எங்கே தொடங்குகிறது என்பதைப் பெரியவர்கள் வாய்ப்பாடமாக வைத்திருந்தார்கள். நாமோ வவுனியா, செட்டிகுளம், கிளிநொச்சி என்று சிதறிவிட்டோம். முதலாவதை உடனே திருத்த முடியாது. இரண்டாவதைத் திருத்தலாம். எந்த வாய்க்கால் யாருக்கு, எந்த வரம்பு யாருடையது என்று சொல்லக்கூடிய முதியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். சிறுபோகம் வெட்டியதும் அவர்களை வயலுக்குக் கூட்டிச் சென்று எல்லையைக் காட்டச் சொல்லுங்கள். கண்டதை எழுதி, அயற்காணிக்காரர் இருவரின் ஒப்பத்தோடு, சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசியாக முடித்து, ஒரு பிரதியைக் கிராம சேவையாளரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.