ஊர் திரும்புவோரை யார் எண்ணுவது?

வெளிநாட்டு வேலை இழப்பு குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

வெளிநாட்டில் வேலை பறிபோய் ஊர் திரும்புகிறவர்களை, திரும்பிய மூன்று மாதத்துக்குள் அரசே ஊர்வாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கில் வந்தவருக்குக் கடன் அவகாசமும், அவர் குத்தகைக்கு உழும் நிலத்துக்குப் பதிவும், தொழில் தொடங்க முதலும் கிடைக்க வேண்டும். காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான். இதைச் சொல்வதற்கு 2008-ஐயும் சீனாவையும் எதற்கு இழுக்கிறீர்கள் என்று எங்கள் உறுப்பினர்களே கேட்டார்கள். காரணம் இருக்கிறது.

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் திவாலானது. அமெரிக்கக் கடைகள் ஆர்டரைக் குறைத்தன. அடுத்த மாதமே சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில், டொங்குவான் நகரில், ஸ்மார்ட் யூனியன் என்ற பொம்மைக் கம்பெனியின் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சம்பளப் பாக்கி கேட்டு வாசலில் நின்றார்கள். முதலாளி தரப்பில் பணம் வரவில்லை. உள்ளூர் நிர்வாகமே அந்தப் பாக்கியைக் கொடுத்தது. தென் சீனக் கடற்கரையில் அந்தக் குளிர்காலம் முழுக்க இப்படித் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டே போயின. 2009-ல் சீனாவின் ஏற்றுமதி முந்தைய ஆண்டைவிடச் சுமார் 16 சதவீதம் விழுந்தது.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்த ஒன்று. சீனப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போன தொழிலாளர்களில் எத்தனை பேருக்குத் திரும்பிப் போக வேலை இல்லை என்று அந்நாட்டு வேளாண் அமைச்சகம் கணக்கெடுத்தது. 15 மாகாணங்களில் 150 ஊர்கள். வெளியூர் வேலைக்குப் போனவர்களில் 15.3 சதவீதம் பேர் வேலை இழந்து திரும்பியிருப்பது தெரிந்தது. நாடு முழுக்க அப்படிப் போனவர்கள் 13 கோடி என்று வைத்து, சுமார் இரண்டு கோடிப் பேர் வேலையில்லாமல் நிற்கிறார்கள் என்று 2009 பிப்ரவரி 2 அன்று சென் ஷிவென் என்ற உயர் அதிகாரி பெய்ஜிங்கில் அறிவித்தார். எந்த அரசும் வெளியே சொல்லக் கூசும் எண் அது. ஆனாலும் சொன்னார்கள்.

சீனா நான்கு லட்சம் கோடி யுவான் ஊக்கத் திட்டத்தை அறிவித்தது 2008 நவம்பரில், இந்தக் கணக்குக்கு முன்பே. ஆகவே எண்ணியதால்தான் பணம் வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் திரும்பிப் போனவனுக்கு ஊரில் பிடிமானம் இருந்தது. விளைநிலம் குடும்பத்தின் பெயரில் நீண்டகால ஒப்பந்தத்தில் இருந்தது. 2008 அக்டோபரில் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு அந்த உரிமை மாறாது என்று மீண்டும் உறுதி சொன்னது. வேளாண் வரியை 2006-லேயே எடுத்துவிட்டார்கள். கிராமத்தார் டிவியும் பிரிட்ஜும் வாங்கினால் விலையில் 13 சதவீதத்தை அரசு ஏற்கும் திட்டம் 2009 பிப்ரவரியில் நாடு முழுக்க வந்தது. ரயில் பாதை, சாலை, சிச்சுவான் பூகம்பச் சீரமைப்பு என்று வேலைகள் திறந்தன.

சீனாவைக் கொண்டாடுவது எங்கள் நோக்கமல்ல. நகரத்தைக் கட்டிய அதே தொழிலாளிக்கு அந்த நகரத்தில் குடியிருப்புப் பதிவு கிடைக்கவில்லை. பிள்ளையை அங்கே பள்ளியில் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. நெருக்கடி வந்ததும் நிலத்தைக் காட்டி ஊருக்கு அனுப்பியதில், அரசு செய்ய வேண்டிய செலவில் ஒரு பங்கு விவசாயியின் தலையிலேயே விழுந்தது. 2009-ல் மட்டும் வங்கிகள் ஒன்பது லட்சம் கோடி யுவானுக்கு மேல் கடன் கொடுத்தன; அதன் பின்விளைவாக உள்ளாட்சிகளின் கடனும், தேவைக்கு மிஞ்சிய இரும்பு, சிமென்ட் ஆலைகளும் இன்றுவரை அந்த நாட்டை அழுத்துகின்றன. இதையெல்லாம் இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. அந்த 150 ஊர்க் கணக்கை மட்டும் கேட்கிறோம்.

சீனா ஊக்கத் திட்டத்தை அறிவித்த அதே நவம்பரில் எங்கள் பக்கம் என்ன நிலைமை? 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்தது. டெல்டா முழுக்க மழை கொட்டி, சம்பா தண்ணீரில் கிடந்தது. அதே நாட்களில்தான் எங்கள் வட்டாரத்தின் லால்பேட்டை, கொள்ளுமேடு, ஆயங்குடி வீடுகளுக்கு வளைகுடாவிலிருந்து ஃபோன் வரத் தொடங்கியது. ஜூலையில் பீப்பாய் 147 டாலருக்குப் போன கச்சா எண்ணெய் டிசம்பரில் 40 டாலருக்குக் கீழே வந்திருந்தது. துபாயில் பாதி எழும்பிய கட்டடங்கள் அப்படியே நின்றன. ஓராண்டு கழித்து, 2009 நவம்பர் 25 அன்று, துபாய் வேர்ல்ட் நிறுவனம் கடனைக் கட்ட அவகாசம் கேட்டபோது உலகமே பேசியது. வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன எங்கள் சபராளிகளுக்கு அது பழைய சேதி.

யாரையும் "வேலையை விட்டு எடுத்தோம்" என்று சொல்லி அனுப்பவில்லை. "லீவில் போ, கூப்பிடுகிறோம்" என்றார்கள். இகாமா என்ற தங்கும் அனுமதி கையில் இருக்கிறது, செட்டில்மென்ட் வரவில்லை, ஒருவழி டிக்கெட் மட்டும். வந்தவர் வீட்டில் உட்கார்ந்து ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பார். தெருவில் கேட்டால் "லீவு" என்பார். விசாவுக்காக அடகு வைத்த நகைக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். ஆறாவது மாதம் கடையிலிருந்து ஏல நோட்டீஸ் வரும். நகை மூழ்கிய பிறகுதான் அந்த வீட்டுப் பெண்கள், இனி கூப்பிடமாட்டார்கள் என்பதை வெளியே சொல்வார்கள். லீவில் இருப்பவர் என்பதால் எந்தப் பதிவேட்டிலும் அவர் வேலை இழந்தவர் ஆகவில்லை.

நூறு நாள் வேலை இருந்ததே என்பார்கள். இருந்தது. 2006 பிப்ரவரியில் அந்த வேலைக்கான சட்டம் தொடங்கிய முதல் 200 மாவட்டங்களில் எங்கள் கடலூரும் ஒன்று. வாய்க்கால் தூர்வாரிய பெண்களின் கூலி பல வீடுகளில் அடுப்பை எரிய வைத்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் அப்போது நாள்கூலி 80 ரூபாய். ஏஜென்டுக்கு லட்சம் ரூபாய் கட்டிவிட்டுப் போன கம்பி கட்டுபவரின் கடன் அதில் அடையாது. லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் போன்ற பேரூராட்சிகளில் அந்தத் திட்டமே கிடையாது.

சீனத் தொழிலாளிக்கும் நம் ஆளுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். சீனத் தொழிலாளியின் உழைப்பால் பயன்பெற்ற அரசும், திரும்பியபோது அவரை ஏற்றுக்கொண்ட அரசும் ஒன்றே. நம்மவர் இரண்டு அரசுகளுக்கு நடுவில் விழுகிறார். 2009 தொடக்கத்தில் சிங்கப்பூர் அரசு, ஆட்குறைப்பைத் தடுக்க முதலாளிகளுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கைத் தானே கொடுத்தது. அந்தச் சலுகை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். ஒர்க் பெர்மிட்டில் இருந்த நம் பிள்ளைகள் அந்தக் கணக்கில் இல்லை. அங்கே அந்நியர் என்று விட்டார்கள், இங்கே வெளிநாட்டுக்காரர் என்று விட்டார்கள். அதே 2008-ல் உலகிலேயே அதிகமாக வெளிநாட்டு வருமானம் பெற்ற நாடு இந்தியா, கிட்டத்தட்ட 5,000 கோடி டாலர். சீனா அதற்கு அடுத்துதான். பணம் வரும்போது ரிசர்வ் வங்கி அதை எண்ணத் தவறவில்லை.

"கல்ஃபில் சம்பாதித்தவன்தானே, அவனுக்கு எதற்கு உதவி?" என்ற கேள்வியும் எங்கள் காதில் விழாமல் இல்லை. ஊர்க்கோடியில் மாடி வீடு தெரிகிறது. அதற்குப் பக்கத்திலேயே வட்டி கட்ட முடியாமல் திரும்பியவரின் ஓட்டு வீடு இருப்பது தெரிவதில்லை. கணக்கெடுத்தால் இரண்டும் தெரியும். மாடி வீட்டுக்காரருக்கு நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. குடிபெயர்வு அனுமதி பெற்றுப் போகிறவர்களுக்குப் பிரவாசி காப்பீடு கட்டாயம். ஆனால் அது முக்கியமாகச் சாவுக்கும் ஊனத்துக்கும்தான். 2020-ல் கொரோனாவில் வந்தவர்களுக்காக ஸ்வதேஸ் என்ற திறன் பட்டியல் திறந்தார்கள்; இணையத்தில் தானே போய்ப் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலச் சட்டம் 2011-லேயே வந்தது, நல வாரியம் பல ஆண்டு கழித்துத்தான் நடைமுறைக்கு வந்தது. கேரளத்தில் 1996-லேயே இதற்கென்று தனித்துறை. திரும்பியவர் தொழில் தொடங்கினால் முதலீட்டில் 15 சதவீத மானியம் தருகிறார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாமல் போக எந்தக் காரணமும் எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் கோரிக்கையில் முதலாவது கணக்கு. விஏஓ, ஊராட்சிச் செயலர், பேரூராட்சி அலுவலகம் சேர்ந்து எடுக்கட்டும். யார் வீட்டில் யார் எந்த நாட்டில் என்பது ஜமாத்துக்கும் மகளிர் குழுவுக்கும் தெரியும். அவர்களையும் உட்காரவைத்தால் "லீவு" என்று மறைந்திருப்பவரும் வெளியே வருவார். அடுத்து, கணக்கில் வந்தவரின் நகைக்கடனுக்கு ஓராண்டுக்கு ஏலம் கூடாது. கூட்டுறவுச் சங்கத்துக்கும் வங்கிக்கும் அரசு இதை உத்தரவாகவே போடலாம்; தனியார் வட்டிக்கடைக்கு வழிமுறை வேறாக இருக்கும், அதையும் பேசத் தயார்.

நிலம் சங்கடமான விஷயம். திரும்பியவர்களில் பலர் வீராணம் ஏரிப் பாசனத்தில் வாய்மொழிக் குத்தகைக்குத்தான் நடவு போடுகிறார்கள். குத்தகைப் பதிவுச் சட்டம் 1969-லிருந்து இருந்தும் பெயர் ஏறுவதில்லை. ஏறாதவருக்குப் பயிர்க்கடனும் இல்லை, வெள்ள நிவாரணமும் இல்லை. நில உடைமையாளர்களில் சிலர் எங்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பிடிக்கவில்லை. விவாதித்தோம், கோரிக்கையை விடவில்லை.

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போயிருந்தவர்களின் வீடுகளிலும் அதே "லீவு" பேச்சு கேட்டது. ஆகவே கணக்கு வெளிநாட்டோடு நிற்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டோம். ஊராட்சிகளில் அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக வைக்கிறோம். கிராமசபை இல்லாத பேரூராட்சிகளில் வார்டு உறுப்பினர்களிடம் மனுவாகக் கொடுக்கிறோம். நகல் மாவட்ட ஆட்சியருக்கும் நல வாரியத்துக்கும் போகும்.